ஆன்ரி மிஷோவின் மை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நவீன ஓவியம் பற்றிய உங்கள் கட்டுரையில் ஆன்ரி மிஷோவின் பெயரை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோயிருந்தீர்கள். அவரைப் பிரெஞ்சுக் கவிஞர் என்று மட்டுமே அறிந்திருந்தேன். இணையத்தில் தேடியபோது வெள்ளைத்தாளில் கறுப்பு மையால் போட்ட படங்கள் நூற்றுக்கணக்கில் வந்தன. ஒன்றில் எறும்புக்கூட்டம் கலைந்து ஓடுவதுபோல இருந்தது. இன்னொன்றில் புரியாத லிபி. வேறொன்றில் நடுங்கும் மெல்லிய கோடுகள், முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்ததுபோல.

இரண்டு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விட முடியவில்லை, ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்றும் தெரியவில்லை. என் பெண் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். "இதை நானே செய்வேன்" என்றாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது? இவையெல்லாம் போதைமருந்து எடுத்துக்கொண்டு வரைந்தவை என்று ஓரிடத்தில் படித்தேன். உண்மையா?

நானும் முயன்றுபார்த்தேன். கடையில் கிடைத்த இந்தியன் இங்க் பாட்டிலும் ஏ4 தாளும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கோட்டின் ஓரமெல்லாம் மயிர்க்கால்போல மை பரவியது, தாள் நெளிந்தது, மறுநாள் பிரஷ் குச்சிபோல இறுகிக் கிடந்தது. அதே மையை ஊற்றிய ஃபவுண்டன் பேனா இப்போது எழுதவே மாட்டேன் என்கிறது. எங்கே தவறு?

அன்புடன்,
ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மை ஏன் பரவியது என்று புரிந்துவிட்டால் மற்றக் கேள்விகளுக்குப் பாதிப் பதில் வந்துவிடும். மிஷோவின் படங்களில் மையும் தாளும் கையும் சந்தித்த கணத்தைத் தாண்டி ஒளிந்திருக்கும் கதை ஒன்றுமில்லை. அந்தச் சந்திப்பு எப்படி நடந்தது என்று படிக்கப் பழகினால் போதும், படம் தானாகத் திறந்துகொள்ளும்.

ஜெராக்ஸ் எடுக்கும் ஏ4 தாள் 70 முதல் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருக்கும். ஈர மையை அதிகம் தாங்கும்படி அதைச் செய்வதில்லை. ஓவியத் தாளுக்கு ஜெலட்டினோ ஸ்டார்ச்சோ வேறு பசையோ ஊட்டி, நார்களின் நுண்குழாய்களை அடைத்திருப்பார்கள். மை மேலேயே நின்று காயும், கோட்டின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல இருக்கும். பசை குறைந்த தாளில் மை நாரோடு நாராக ஓடிவிடும். நீங்கள் பார்த்த மயிர்க்கால்கள் அந்த நார்கள்தான். ஈரம் பட்ட நார் உப்பும், உலர்ந்த இடம் அப்படியே இருக்கும். நெளிவு அதனால் வருகிறது. 200 ஜிஎஸ்எம்முக்குக் குறையாத கார்ட்ரிட்ஜ் தாள், அதாவது தடித்த வரைதாள், வாங்குங்கள். நிறைய நீர் கலந்து வரைவதானால் 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாள், அதிலும் வழவழப்பான வகை. வாங்கும் முன் ஓரத்தில் ஒரு சொட்டு நீர் வைத்துப் பாருங்கள். சில நொடிகளில் உறிஞ்சிவிட்டால் அந்தத் தாள் வேண்டாம். ஒரு நிமிடமாவது முத்தாக நிற்க வேண்டும். ஈரமான அலமாரியில் நெடுநாள் கிடந்த நல்ல தாளும் பசை இழந்து அங்கங்கே புள்ளிபுள்ளியாக மையை உறிஞ்சும், ஆகவே பழைய இருப்பை மலிவாகக் கொடுத்தால் யோசியுங்கள்.

அடுத்தது மை. கறுப்பு மை இரண்டு வகை. சீன, ஜப்பானிய மைக்கட்டி புகைக்கரியையும் வஜ்ஜிரத்தையும் (விலங்குப் பசை) பிசைந்து அச்சில் உலர்த்தியது. உரைகல்லில் ஒரு டீஸ்பூன் நீர் விட்டு, அழுத்தாமல், பத்து நிமிடம்போல இழைத்தால் மை தயார். கட்டி சென்ற தடம் ஒரு கணம் மூடாமல் நின்றால் பதம் சரி. அன்றைக்கு இழைத்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், மறுநாள் வஜ்ஜிரம் கெட்டு நாறும். உங்களிடம் இருப்பது இரண்டாவது வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்: வெங்காரம் கலந்த நீரில் அரக்கைக் கரைத்து, அதில் கரித்தூளைச் சேர்த்த பாட்டில் மை. காய்ந்தபின் நீரில் கரையாது என்பது அதன் பலம். உங்கள் பிரஷ் குச்சியானதும் அதே பலத்தால்தான். மயிரின் அடியில், தகரக் குப்பிக்குள் அரக்கு இறங்கிக் காய்ந்துவிட்டது. மெதிலேட்டட் ஸ்பிரிட்டில் சில மணி நேரம் ஊறவைத்து, விரலால் பிசைந்து, சோப்புப் போட்டுக் கழுவினால் ஓரளவு மீளும். இனிமேல் இந்த மைக்கு விலை குறைந்த சிந்தெடிக் பிரஷ்ஷே போதும். மையில் தோய்க்கும் முன் நீரில் நனைத்து உதறிக்கொள்ளுங்கள். வேலை நடுவே ஐந்து நிமிட இடைவெளி வந்தாலும் நீர்க் குவளைக்குள் போய்விட வேண்டும்.

நீர் கலக்கும்போது குழாய் நீர், அதுவும் உப்பு நீர், வேண்டாம். மை திரிந்து மணல்போலக் கரித்துகள் அடியில் தங்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். கெட்டியான மையை ஒரே இடத்தில் குளமாகத் தேக்கினால் காய்ந்தபின் பழுப்பாக மினுங்கும், தாளைச் சுருட்டும்போது செதில்செதிலாக உதிரும்.

இதைத் தெரிந்துகொண்டு இப்போது மிஷோவின் படத்துக்கு வாருங்கள். 1960ஐ ஒட்டி அவர் செய்த பெரிய மைப்படங்களில் ஒன்றைத் திரையில் திறந்துகொள்ளுங்கள். பாரிஸின் பாம்பிடூ மையம், லண்டனின் டேட், நியூயார்க்கின் கூகன்ஹைம் மூன்றிலும் அவர் படங்கள் இருக்கின்றன. படத்துக்குக் கீழே உள்ள அளவை முதலில் பாருங்கள். இதை வற்புறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கைப்பேசியில் பார்ப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். அந்தப் பெரிய தாள்கள் பலவும் ஏறக்குறைய 75 × 105 செ.மீ. விரித்த தினசரித் தாள் இரண்டைச் சேர்த்துத் தரையில் போட்டால் அந்த அளவுக்கு வரும். நடுங்கும் கோட்டுப் படங்களோ 32 × 24 செ.மீ. சுமார். முன்னது தோளிலிருந்து வரும் அசைவு, பின்னது விரல்நுனியிலிருந்து வருவது. திரையில் இரண்டும் உள்ளங்கை அளவுதான், ஆகவே இரண்டும் ஒரே கையின் ஒரே வேலைபோலத் தோன்றிவிடுகிறது.

இனி ஒரே ஒரு மைத்தடத்தை எடுத்துக்கொண்டு பெரிதாக்குங்கள். ஒரு முனை குண்டாகத் திரண்டிருக்கும், மறுமுனை மெலிந்து கீறலாக முடியும். குண்டு முனைதான் தொடக்கம், மை நிறைந்த பிரஷ் வந்து இறங்கிய இடம். வால்பகுதியில் கறுப்புக்கு நடுவே வெள்ளை இழைகள் ஓடினால், கை வேகமாக இழுத்தபோது மை தாளின் மேடுகளை மட்டும் தொட்டுப் பள்ளங்களை விட்டுவிட்டது என்று பொருள். மெதுவாக இழுத்த கோட்டில் அந்த வெள்ளை வராது. பக்கத்தில் சிதறிய துளிகளைப் பாருங்கள். நேர்மேலிருந்து விழுந்த துளி வட்டமாக இருக்கும், உயரம் கூடினால் விளிம்பில் பற்கள் வரும். சாய்வாக வீசிய துளி நீள்வட்டமாகி ஒரு பக்கம் வால் விடும். வால் நீளும் திசைதான் துளி போய்க்கொண்டிருந்த திசை. பத்துத் துளிகளின் வாலைப் பார்த்தால் கை எந்தப் பக்கம் இருந்து எந்தப் பக்கம் உதறியது என்று சொல்லிவிடலாம்.

அடுத்து, இரண்டு தடங்கள் குறுக்கிடும் இடம். முதல் தடம் ஈரமாக இருக்கையில் இரண்டாவது வந்திருந்தால் விளிம்புகள் கரைந்து ஒரே உடலாகியிருக்கும். காய்ந்தபின் வந்திருந்தால் நீர் கலந்த சாம்பல் மையில் அந்தச் சந்திப்பு மட்டும் ஒரு படி கறுத்திருக்கும், இரண்டின் விளிம்பும் தனித்தனியாகத் தெரியும். சாம்பல் திட்டின் ஓரத்தில் மட்டும் அடர்ந்த கறை வளையம் இருந்தால், நிறைய நீரோடு வந்து தானாக உலர விட்டது. இப்படிப் பத்து நிமிடம் பார்த்தால் ஒரு தாளில் எது முன்னே வந்தது, எது பின்னே வந்தது, எங்கே கை காத்திருந்தது, எங்கே காத்திருக்கவே இல்லை என்று ஒரு வரிசை கிடைத்துவிடும். இசையைக் கேட்பதுபோலக் காலத்தில் நடந்த ஒன்றாக அந்தத் தாளைப் பார்க்கத் தொடங்குவீர்கள். அருவ ஓவியத்தில் "என்ன பொருள்" என்று கேட்டுக் களைத்தவர்களுக்கு இதைவிட நல்ல நுழைவாயில் எனக்குத் தெரிந்து இல்லை.

மை சிந்திய கறைகளை மிஷோ ரசித்துவிட்டு நின்றவர் அல்லர். கறை என்றாலே தனக்குப் பிடிக்காது, அது அசைவற்றுக் கிடப்பது, ஆகவே அதோடு மல்லுக்கு நிற்கிறேன் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். படத்திலும் அதைக் காணலாம். கொட்டிய குளத்திலிருந்து கால்போல, கொம்புபோல, ஓடும் முதுகுபோல ஏதோ ஒன்றை இழுத்து வெளியே எடுத்திருப்பார். உங்களுக்கு எறும்பு தோன்றியது தற்செயல் இல்லை. மிஷோவின் மைப்படம் ஒன்றைச் சொந்தமாக வைத்திருந்த ஓவியர் ஃபிரான்சிஸ் பேகன், அந்தத் தடங்கள் சுற்றிச்சுற்றி மனித உருவுக்கே வருகின்றன என்றும், ஆழ உழுத வயலில் காலை இழுத்து இழுத்து நடக்கும் மனிதர்கள்போல என்றும் சொன்னார். வண்ணத்தைச் சொட்டவிட்டு வரைந்த அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கைவிட மிஷோவையே அவர் உயர்வாக மதித்தார். நான் பேகன் பக்கம். பொல்லாக்கின் கோடு முடிவில்லாமல் ஓடித் தாளையே வலையாக்குகிறது. மிஷோவின் ஒவ்வொரு தடமும் தனியுடல், அதற்கென்று ஒரு எடையும் அவசரமும் உண்டு, பக்கத்துத் தடத்தோடு மோதவும் விலகவும் செய்கிறது.

"புரியாத லிபி" என்று நீங்கள் சொன்னது பெரும்பாலும் 1951இல் காலிமார் பதிப்பகம் வெளியிட்ட 'முவ்மான்' ('அசைவுகள்') நூலின் பக்கங்களாக இருக்க வேண்டும். 64 மைப்படங்கள், ஒரு நீண்ட கவிதை, ஒரு பின்னுரை. எழுத்துபோன்ற குறிகளில் அவருக்கு இருந்த ஈர்ப்பு இன்னும் பழையது. 1927லேயே 'அகரவரிசை', 'கதைசொல்லல்' என்று பெயரிட்டு, எந்த மொழியிலும் இல்லாத எழுத்துகளை வரிவரியாகப் போட்டிருக்கிறார். பெல்ஜியத்தின் நமூர் நகரில் 1899இல் பிறந்தவர், இளமையில் கப்பலில் மாலுமியாகப் போனவர். 1925இல் பாரிஸில் பால் க்ளே, மாக்ஸ் எர்ன்ஸ்ட் ஆகியோரின் படங்களைப் பார்த்தபின்தான் ஓவியத்தின்மீது இருந்த வெறுப்பு போயிற்று. 1930–31 ஆசியப் பயணத்தில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும்கூட வந்தார். 1933இல் வந்த பயணநூலில் இரண்டுக்கும் தனிப் பகுதிகள் உண்டு. ஓவியத்துக்கு அந்தப் பயணம் தந்தது சீனத் தூரிகையின் கோடு. பின்னாளில் பாரிஸில் வாழ்ந்த சீன ஓவியர் ஜாவோ வூ-கியை மறுபடி மைக்குத் திரும்பும்படி தூண்டியவரும் இவரே.

இப்போது உங்கள் மகள். அவள் சொன்னதைச் சிரித்து ஒதுக்க வேண்டாம், அவளிடம் தாளைக் கொடுங்கள். குழந்தையால் இப்படி ஒரு தாள் செய்ய முடியும், சில சமயம் மிக நன்றாகவே வரும். இருபதாவது தாளைக் கேளுங்கள். 'முவ்மான்' நூலுக்காக மிஷோ வரைந்து குவித்தது ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள், நூலில் சேர்ந்தது 64. அந்த 64இல் எந்தக் குறியும் இன்னொன்றின் நகல் இல்லை, ஆனால் எல்லாம் ஒரே குடும்பம் என்று பார்த்தவுடன் தெரிகிறது. கனடிய நடன அமைப்பாளர் மரி ஷுயினார் அந்த நூலைப் பக்கம் பக்கமாக நடனக் குறிப்பாகவே வைத்துக்கொண்டு ஆடவைத்தார். நடனக்காரர்களின் உடல் ஒவ்வொரு குறியாக மாறிக்கொண்டே போகிறது. பின்பற்றி ஆடும் அளவுக்கு அந்தக் குறிகளுக்குள் தனித்தனி அசைவு இருக்கிறது.

போதைமருந்து விஷயத்தில் பாதிதான் உண்மை. பெயோட்டி என்ற கள்ளிச்செடியில் உள்ள மெஸ்கலைனை அவர் 1955 தொடங்கிச் சில ஆண்டுகள் எடுத்துப்பார்த்தார். ஐம்பத்தைந்து வயதில், அளவு குறித்து, குறிப்பெழுதி. 1956இல் வெளியான 'மிஸெராப்ல் மிராக்ல்' நூல் அதன் முதல் பதிவு. மருந்தின் பிடியில் இருக்கும்போது கிறுக்கிய கையெழுத்துப் பக்கங்கள் அதில் அச்சாகியிருக்கின்றன. நீங்கள் எக்ஸ்ரே என்று சொன்ன நுணுக்கமான பேனாக் கோட்டுப் படங்களில் பெரும்பகுதி, மருந்தின் வேகம் அடங்கியபின், உடலில் மிஞ்சிய அதிர்வை நினைவுகூர்ந்து வரைந்தவை. நடுவே மேலிருந்து கீழாக ஒரு வாய்க்கால், அதன் இருபுறமும் மில்லிமீட்டர் இடைவெளியில் பல்பல்லாக ஓடும் கோடுகள். நிதானமில்லாத கையால் அவ்வளவு நெருக்கத்தில் கோட்டோடு கோடு ஒட்டாமல் நிப்பை ஓட்ட முடியாது. தான் வெறும் தண்ணீர் குடிக்கும் வகை மனிதன் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார், பின்னர் மெஸ்கலைனை விட்டும்விட்டார். அவரது மைப்படங்களில் பெரும்பங்குக்கு இந்த மருந்தோடு தொடர்பே இல்லை. 'முவ்மான்' வந்தது அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு. 1960 வெனிஸ் பியன்னாலே கலைக்காட்சியில் ஐனவுடி பரிசு பெற்றபோது அவர் முப்பது ஆண்டுகளுக்குமேல் மையோடு பழகியவர்.

இன்னொரு தடவை நீங்கள் உட்காருவதாக இருந்தால், அல்லது, அதைவிட மேலாக, நிற்பதாக இருந்தால், இப்படிச் செய்து பாருங்கள். 200 ஜிஎஸ்எம் ஏ3 தாள் இருபது. எட்டாம் எண் உருண்டைப் பிரஷ் ஒன்று. மூன்று கிண்ணத்தில் மை: ஒன்றில் அப்படியே, ஒன்றில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு நீர், ஒன்றில் பத்துப் பங்கு நீர். தாளைக் கிடையாக வைத்து நான்கு மூலையிலும் டேப் ஒட்டுங்கள், சாய்த்தால் மை வழியும். பிரஷ்ஷை எழுதுகோல்போல அடியில் பிடிக்காமல் காம்பின் பின்பாதியில் பிடியுங்கள். முதல் பத்துத் தாளுக்குச் சுத்தமான கறுப்பு மட்டும். தாளுக்கு மூன்று நிமிடம், அறுபது எழுபது தடங்கள், பென்சில் கூடாது, போட்டதைத் திருத்தக் கூடாது. திருத்தப் போனால் ஈரத் தடத்தின்மேல் இன்னொரு ஈரம் ஏறிச் சேறாகும், வேகத்தின் வெள்ளை இழை முதலில் சாகும்.

என்ன தவறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருபது முப்பது தடம் போனதும் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, ஒரே இடைவெளியில் வரத் தொடங்கும். துணிக்கடைப் புடவையின் அச்சுபோல ஆகிவிடும். காரணம், மணிக்கட்டை ஊன்றிக்கொண்டீர்கள். ஊன்றிய மணிக்கட்டு ஒரே வில்லைத்தான் வரையும். கையைத் தூக்கித் தோளிலிருந்து அசையுங்கள், தாளின் இந்த மூலையில் ஒன்று போட்டால் அடுத்ததை எதிர் மூலையில் போடுங்கள். அடுத்த ஆபத்து, தடங்களுக்குத் தலையும் காலும் முளைப்பது. கண் மனித உருவைத் தேடும், கை உடனே அதற்குக் கண்ணும் கையும் வைத்துவிடும். மிஷோ அந்த விளிம்புவரை போய் நிற்பார். தலை மாதிரி ஒரு திரட்சி, அவ்வளவுதான், அதற்குள் அது அடுத்த தடமாகியிருக்கும். தலை தெரிந்தவுடன் அந்த இடத்தை விட்டு நகருங்கள். மூன்றாவது, ஓரத்துக்குப் பயந்து எல்லாவற்றையும் நடுவில் குவிப்பது. ஓரத்தில் நாலைந்து தடங்களாவது தாளை விட்டு வெளியேறப் பார்ப்பதுபோல இருக்கட்டும்.

கை பழகிவிட்டது என்று தோன்றினால் இடக்கைக்கு மாற்றுங்கள். 1957இல் வலது முழங்கை முறிந்தபோது மிஷோ சில காலம் இடக்கையை நம்ப நேர்ந்தது. தனக்குள் பயிற்சி பெறாத இன்னொருவன் இருப்பதை அப்போது கண்டதாகப் பின்னர் ஒரு சிறு நூலே எழுதினார். பத்துத் தாள் முடிந்தபின்தான் சாம்பல் கிண்ணங்களைத் தொட வேண்டும். முதலிலேயே சாம்பல் வந்தால் ஆழம், நிழல், மூட்டம் எல்லாம் இலவசமாகக் கிடைத்துவிடும், தடத்தின் பலவீனம் அதற்குள் மறைந்துகொள்ளும். இருபதையும் காயவைத்துச் சுவரில் வரிசையாக ஒட்டி, மகளோடு நின்று பாருங்கள். எது பிழைத்தது என்று அவள் உங்களைவிட விரைவாகச் சொல்லக்கூடும்.

ஃபவுண்டன் பேனாவுக்கு இந்தியன் இங்க் எமன். நிப்புக்கு மை வரும் நுண்ணிய வாய்க்காலில் அரக்கு காய்ந்து அடைத்துவிட்டது. சுடுநீர் வேண்டாம், நிப்புக்கு அடியில் மையைக் கொண்டுவரும் பிளாஸ்டிக் ஃபீட் வளைந்துபோகும். ஸ்பிரிட்டிலும் முழுக்க ஊறப்போடாதீர்கள், பல பேனாக்களின் உடல் பிளாஸ்டிக் அதில் விரிசல் விடும். பிரித்தெடுத்து, வெதுவெதுப்பான நீர் ஒரு டம்ளருக்குச் சில சொட்டு அம்மோனியாவும் பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டும் விட்டு, நிப்பையும் ஃபீட்டையும் ஓரிரவு ஊறவையுங்கள். காலையில் மென்மையான பல்துலக்கியால் தேய்த்து, நீரை உறிஞ்சி வெளியேற்றிப் பாருங்கள். கறுப்பு வந்துகொண்டிருக்கும்வரை நீரை மாற்றி மாற்றித் தொடருங்கள். மூன்று நாளாகியும் வழி திறக்காவிட்டால் பேனாவை விட்டுவிட்டு, தோய்த்து எழுதும் நிப்பும் ஹோல்டரும் வாங்கிக்கொள்ளுங்கள். புது நிப்பின் மேல் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். பற்பசை தொட்டுத் துடைக்காவிட்டால் மை நிப்பில் நிற்காமல் ஒரே சொட்டாகத் தாளில் விழும்.

அன்புடன்.